மங்களநாயகி கப்பலைத் தேடி நாகப்பட்டினம் போய் வந்தது

புரட்டாசி மாதம், புதன்கிழமை, காலை ஏழு மணி. திருக்கடையூர் கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்: நான், என் அம்மா தனபாக்கியம், வழியனுப்ப வந்த இருவர், என் மனைவி சரோஜாவும் அம்மாவின் தம்பி ராமையன் மாமாவும். ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பண்ணையின் காரியக்காரர் சுப்பையா. ஆக ஐந்து பேர். யார் இருந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எதற்கும் கேட்கிற காலமாக இருக்கிறது. அதனால் அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

சீர்காழியிலிருந்து வரும் நாகப்பட்டினம் பஸ் ஏழேகாலுக்கு என்றார்கள். ஏழரை ஆகியும் வரவில்லை. பை இருக்கிறதா, பைக்குள் மனு இருக்கிறதா, மனுவுக்குத் துறைமுக ஆபீசிலிருந்து பதிலாக வந்த கார்டு இருக்கிறதா என்று நான் நாலு தடவை பார்த்துவிட்டேன். "பாத்துப் பாத்தே அந்தக் கார்டு தேஞ்சிடும்" என்றாள் சரோஜா.

காரியக்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்ன பெருமாளு, அம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறப் போறியா? பாத்து, திரும்பி வாங்க."

மாமாதான் பதில் சொன்னார். "அவங்க திரும்பி வருவாங்க. நீங்க அதுக்குள்ள வயல்ல எறங்காம இருங்க, போதும்."

"வயல் யாருதுன்னு மாயவரத்துல திங்கக்கெழமை சொல்வாங்கய்யா" என்று காரியக்காரர் சைக்கிளில் ஏறிப் போனார்.

கப்பலுக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். என் அப்பா வீராசாமி பண்ணையின் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர். யுத்தம் முடிந்த மறு வருடம் விளைச்சல் கெட்டுப் போய், குத்தகை நெல்லை அளக்க வழியில்லாமல், ஆவணி மாதம் நாகப்பட்டினத்தில் மங்களநாயகி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலில் சமையல் ஆளாகப் போனார். அது யாழ்ப்பாணத்துக்கு மண் ஓடுகளும் வெங்காயமும் ஏற்றிப் போய், வீட்டுக் கூரைக்கான பனஞ்சட்டங்களை ஏற்றித் திரும்பும் கப்பல். அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு மாடு மேய்த்து, தையல் பழகி, எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் தினமும் பேப்பரை மற்றவர்களுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டித்தான் இந்த அளவுக்கு எழுத வந்தது.

அம்மாவும் மாமாவும் வயலை விடாமல் செய்து நெல் அளந்தார்கள். ரசீது கேட்டதுமில்லை, பண்ணையில் கொடுத்ததுமில்லை. போன வருடம் நம் சர்க்கார் குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் மனுப் போட்டோம். உடனே பண்ணையிலிருந்து ஒரு விடுதலைச் சீட்டைக் காட்டினார்கள். அப்பா போன அதே வருடம் தை மாதம் அவரே ஊருக்கு வந்து, குத்தகையை விட்டுவிடுகிறேன் என்று கைநாட்டு வைத்து, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரங்கூனுக்குப் போய்விட்டாராம். அப்புறம் அம்மாவும் மாமாவும் வெறும் கூலியாட்களாம். பதிவாகும்வரை இந்தச் சம்பாவுக்கு வயலில் இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாள் போனால் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

அந்தச் சீட்டு பொய் என்று எனக்கும் மாமாவுக்கும் சந்தேகமே இல்லை. அம்மாதான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "தையில வந்து கைநாட்டு வச்சிருக்காருன்னா, தை வரைக்கும் உசுரோட இருந்திருக்காருதானடா?" என்றார். அதற்குப் பிறகு பூக்காரியிடம் தினம் ஒரு முழம் வாங்க ஆரம்பித்தார். இருபத்து நாலு வருடமாகத் தாலியை யாரும் கழற்றச் சொல்லவில்லை, அவரும் கழற்றவில்லை. ஆனால் பூ வைத்து நான் பார்த்ததில்லை. நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிற காகிதம் அவருக்குப் புருஷனைக் கொடுத்தது. நான் அதைப் பொய்யென்று நிரூபிக்க நாகப்பட்டினம் போகிறேன், அவரையே கூட்டிக்கொண்டு.

பஸ் ஏழு ஐம்பதுக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. தரங்கம்பாடி ஐந்து மைல். அங்கே பழைய கோட்டைவாசல் வளைவுக்கு அப்பால் ஒரு கோடு மாதிரிக் கடல் தெரியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எட்டிப் பார்த்தேன், தெரிந்தது. அம்மா இந்தப் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் காரைக்கால் எல்லை. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி வந்துவிடுகிறது. நூறு அடிக்கு ஒரு சாராயக் கடை. நம் பக்கத்து மதுவிலக்கு அந்தப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. வழியெல்லாம் சம்பா நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். "எல்லாரும் நட்டுட்டாங்க" என்று அம்மா ஒவ்வொரு ஊருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

காரைக்கால் எல்லை முடிகிற வாஞ்சூர் சாவடியில் சோதனை. நம் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்த்தார். எங்கள் பையில் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது. தையல் கடையில் தண்ணீர் குடிப்பதற்கு வைத்திருந்த காலிப் பாட்டில், அவசரத்தில் அதிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுவரை அது நினைவில்லை. அவர் அதை எடுத்ததும் ஜெயில், கேஸ், திங்கட்கிழமை விசாரணை எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"என்னய்யா இது, தண்ணி?"

"தண்ணிதாங்க."

"காரைக்கால் வழியா வந்து பிராந்தி பாட்டில்ல தண்ணி கொண்டார மொத ஆளு நீதான்யா" என்று பாட்டிலை என் மடியில் போட்டார். பஸ்ஸே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அந்தப் பிரயாணத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாகப்பட்டினத்தில் இறங்கும்போது பத்தரை. துறைமுக அலுவலகம் ஓடு போட்ட நீளக் கட்டடம், கலங்கரை விளக்கத்திலிருந்து கூப்பிடு தூரம். கார்டைக் காட்டியதும் ஒரு குமாஸ்தா எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஐம்பது வயது இருக்கும். வாயில் வெற்றிலை. ஒரு கை நீளத்துக்கு இருந்த பதிவுப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜையில் போட்டார். தூசி எழும்பியது. கப்பல்கள் வந்ததும் போனதும் அதில் இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ்.

"தமிழ்ல இல்லீங்களா?" என்றேன்.

"இப்பதான் நம்ம ஆட்சி வந்து தமிழ்ல எழுதச் சொல்லியிருக்கு. பழைய கப்பலெல்லாம் இங்கிலீஷ்லயே முழுகிடுச்சு" என்றவர் அம்மாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். மங்களநாயகி, ஆவணி மாதம் புறப்பாடு. சரக்கு ஓடும் வெங்காயமும். தண்டல் உள்பட ஆட்கள் ஒன்பது. தண்டல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். அதே வரியில் எதிர்ப்பக்கம் திரும்பி வந்த தேதிக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"அவ்ளோதான். போயிருக்கு. வந்ததுக்கு எழுத்து இல்ல."

"அப்ப முழுகிடுச்சுன்னு எழுதித் தருவீங்களா?"

"வரலைன்னா முழுகிடுச்சுன்னு அர்த்தமா தம்பி? வேற துறைக்குப் போயிருக்கலாம், அந்தப் பக்கமே வித்திருக்கலாம்."

அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். காலிக் கட்டம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் விடவில்லை. உடைந்த கப்பலை எதில் எழுதுவார்கள் என்று கேட்டேன். குமாஸ்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து யோசித்தார். கடலில் உடைந்து கரை ஒதுங்கும் மரம், பாய், சரக்கு எல்லாவற்றையும் சர்க்கார் கைப்பற்றி ஏலம் போடுமாம். அதற்குத் தனியாகக் கட்டுகள் உண்டு. பின்னறையில் கிடக்கின்றன, தேடணும், நாளைக்கு வாங்க என்றார்.

கடைத்தெருவில் சாப்பாடு ஒன்றேகால் ரூபாய். அம்மா பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. சத்திரத்தில் தங்க ஆளுக்கு எட்டணா. சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். இங்கே வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவது எப்படி? ஊரிலிருந்து கடல் ஆறு மைல்தான், ஆனாலும் நான் அன்றுதான் அலையில் கால் வைத்தேன். வள்ளங்களைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு நீராவிக் கப்பல், நகராமல் நின்றது. பாய் கட்டிய கப்பல் ஒன்றுகூட இல்லை. அம்மா மணலில் உட்கார்ந்தார், கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்தபடி.

"வர்ற மாசிக்கு ஒங்க அப்பாவுக்கு அறுபது முடியுதுடா" என்றார்.

நான் காலில் ஒட்டிய மணலைத் தட்ட, அவரே மேலே சொன்னார்.

"நம்ம திருக்கடையூர்லதான் ஊர் ஊராருந்து வந்து அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. நமக்கு ரெண்டு மைலு. பஸ் செலவுகூடக் கெடையாது."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் போனபோது குமாஸ்தா மேஜையில் ஒரு கட்டு பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எங்களை வாங்க என்று சொன்ன விதத்திலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. பெஞ்சில் அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷை மனதுக்குள் படித்து, தமிழில் மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஐப்பசி மாதம், காற்றிலும் மழையிலும், கோடியக்கரைக்குத் தெற்கே மணல் திட்டில் தட்டிக் கப்பல் உடைந்தது. ஒன்பது பேரில் இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள். நாலு சடலம் ஒதுங்கியது. மூன்று பேர் கிடைக்கவில்லை.

அவர் அடுத்த தாளைப் புரட்டுவதற்குள் நான் நினைத்ததை எழுதுகிறேன். அந்த இரண்டு பேரில் அப்பா பெயர் வந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். வந்தால் சீட்டு மெய்யாகிவிடும், வயல் போய்விடும், அவர் எங்களை விட்டுவிட்டுப் போனவர் ஆகிவிடுவார். பக்கத்தில் அம்மா, அந்த இரண்டு பேரில் பெயர் வர வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாலிக்கயிறு அவர் கைக்குள் இருந்தது.

"தண்டல் பொழச்சிருக்காரு. பாய் இழுக்குற கலாசி ஒருத்தன் பொழச்சிருக்கான். ஒங்க ஆளு..." என்று குமாஸ்தா நிறுத்தினார். "காத்தமுத்து மகன் வீராசாமி, சமையல். ஊர் பேரும் சரியா இருக்கு. கெடைக்காதவங்க மூணு பேர்ல."

"கெடைக்கலைன்னா செத்துட்டாருன்னு அர்த்தங்களா?" என்றார் அம்மா. முந்தின நாள் குமாஸ்தா எனக்குச் சொன்னதையே அவரிடம் திருப்பிக் கேட்டது போல இருந்தது.

"தண்டல் வாக்குமூலம் குடுத்திருக்காரும்மா. கப்பல் தட்டுனதும் சமையக்காரன் அடுப்ப அணைக்க ஓடுனான், தீ பிடிச்சிடுமேன்னு. அப்ப வந்த அலையில போனான், என் கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்காரு."

அம்மா நிமிர்ந்து கேட்டார். "அடுப்பு எரிஞ்சிக்கிட்டா இருந்துச்சு?"

"அப்டித்தான் எழுதியிருக்கு."

"அப்ப இன்னும் சாப்ட்ருக்க மாட்டாரு" என்றார்.

குமாஸ்தா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கட்டில் இன்னும் இரண்டு தாள் இருந்தது. ஒதுங்கிய மரங்களையும் பனஞ்சட்டங்களையும் ஏலம் போட்ட பணத்திலிருந்து, ஆட்களுக்குச் சேர வேண்டிய பாக்கிச் சம்பளத்தைப் பிழைத்தவர்களுக்கும் மற்றவர்களின் குடும்பத்தாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பெயருக்கு எதிரே கைநாட்டு. அப்பா பெயருக்கு எதிரே இல்லை. எங்கள் கிராம முன்சீப்புக்கு விசாரிக்கச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. அவர் எழுதிய பதில் மட்டும் தமிழில் இருந்தது, அதை நானே படித்தேன். "மேற்படி வீராசாமிக்கு வாரிசு யாரும் இல்லை." கார்த்திகை மாதத் தேதி. அப்போதைய முன்சீப் பண்ணையாரின் பெரியப்பா, செத்துப் பதினைந்து வருடமாகிறது. அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டே தெரு. எங்களுக்குச் சேரக் கூடாது என்று எழுதினாரா, அல்லது எங்களுக்காக இரண்டு தெரு நடப்பது வீண் என்று விட்டாரா, தெரியவில்லை. நான் எங்கள் பெயர் இல்லாத அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் கார்த்திகைத் தேதியிட்ட அந்த வரிதான் எங்களுக்கு வேண்டியது: பண்ணையார் வீட்டுப் பெரியவரே தைக்கு முன்பே அப்பாவை இறந்தவராக எழுதியிருக்கிறார். பொய்ச் சீட்டு எழுதியவர் தை மாதத்தைப் போட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் குத்தகையை விடுவதும் பிடிப்பதும் சம்பா அறுத்து நெல் அளந்த பிறகு தையில்தான். வேறு மாதம் போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான். வழக்கம் தெரிந்தவர், வழக்கப்படி எழுதிவிட்டார். அந்தத் தை வருவதற்கு முன்பே, ஐப்பசியிலேயே ஆள் போயாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளான முன்சீப் செத்துவிட்டார்.

நகலுக்கு முத்திரையோடு மூன்று ரூபாய். மதியம் இரண்டரைக்குத்தான் கையில் வந்தது. அந்தப் பாக்கிச் சம்பளத்தை இப்போதும் கேட்டு மனுப் போடலாம், வாரிசு என்று சான்றிதழ் வேண்டும், நடையாய் நடந்தால் கிடைக்கும் என்று குமாஸ்தா சொன்னார். வெற்றிலைச் செலவுக்கு ஒரு ரூபாயை நீட்டினேன். எங்கள் வயல் கதையைக் கேட்டிருந்தவர், "போய்யா, மொதல்ல நாத்த நடு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நகலைச் சட்டைக்குள் வைத்து மேலே துண்டைக் கட்டிக்கொண்டேன். மழையில் நனைந்துவிடுமோ, வாஞ்சூரில் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். ஒன்றும் ஆகவில்லை. திருக்கடையூரில் இறங்கும்போது கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. மாலையும் கழுத்துமாக ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று கேலி செய்தார்கள். அந்த அம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. என் அம்மா அவர்கள் கார் கிளம்பும் வரை நின்று பார்த்தார். பிறகு தலையிலிருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்து, "சரோஜாகிட்ட குடுத்துடு" என்றார்.

திங்கட்கிழமை மாயவரத்தில் விசாரணை. அதற்குப் பஸ் ஐம்பத்தைந்து பைசா. அதிகாரி நகலை இரண்டு தடவை படித்தார். காரியக்காரர், "அது வேற வீராசாமியா இருக்குங்க" என்றார்.

"அதே ஊரு, அதே தகப்பன் பேரு. ஒங்க ஊர்ல எத்தனை காத்தமுத்து மகன் வீராசாமி கப்பலுக்குப் போனான்?" என்றார் அதிகாரி. "ஐப்பசில கடல்ல போனவன் தையில வந்து கைநாட்டு வச்சானா?"

காரியக்காரர் சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அதிகாரி அதைக் கொடுக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். பதிவை அம்மா பெயரில் போடச் சொன்னார்.

எழுதுகிறவர் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். "வீராசாமி மனைவின்னு போடவா சார், காலஞ்சென்ற வீராசாமி மனைவின்னு போடவா?"

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். மாமாவும் நானும் தரையைப் பார்த்தோம்.

"எப்டி எழுதுனா நாத்து நடலாமோ அப்டி எழுதுங்க" என்றார் அம்மா.

அப்படியே எழுதினார்கள். கீழே அவர் கைநாட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அம்மா யாரிடமும் சொல்லாமல் வீரசோழன் ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டு வந்தார். கழுத்திலும் கால் விரல்களிலும் ஒன்றும் இல்லை. தெருப் பெண்கள் கூடி அழ வந்தபோது, "நடவு கெடக்கு, போங்கடி" என்று விரட்டினார்.

புதன்கிழமை நடவு. போன வருடம் வரை எங்கள் வயலில் முதல் நாற்று முடியைப் பிரித்து முதல் நாற்றை ஊன்றுகிறவர் அம்மாதான். சுமங்கலி கை பட்டால்தான் எங்கள் பக்கம் நடவு தொடங்கும். வயல் இப்போது சர்க்கார் கணக்கில் அவர் பெயரில் இருக்கிறது. அவர் வரப்பில் நின்று முடியைச் சரோஜாவிடம் கொடுத்தார். அவள் வாங்க மாட்டேன் என்று நின்றாள்.

"வாங்குடி. நாத்து முத்திப் போச்சு" என்றார்.

நாகப்பட்டினத்தையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அங்கே கப்பல் போனதை எழுதி, வருவதற்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைக்கிறார்கள். இங்கே காலியாக விட வழியில்லை, ஏதாவது எழுதினால்தான் வயலில் இறங்க விடுகிறார்கள். இனி எனக்குப் பயம் குறையும் என்று சரோஜா சொல்கிறாள். குறையவில்லை. மழை பிடித்தால் நாற்று அழுகும், காரியக்காரர் மேல்கோர்ட்டுக்குப் போவார், எல்லாம் இருக்கிறது.

போன வாரம் அந்தச் சம்பளப் பாக்கிக்கு மனு எழுதி, அம்மாவிடம் கைநாட்டுக் கேட்டேன். அவர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வயலுக்கு வச்சேன், ஒங்களுக்காக. அது அவரு கைக்கு வரவேண்டிய காசுடா. அத நான் வாங்க மாட்டேன். அங்கயே கெடக்கட்டும்."

மனுவைக் கிழிக்க மனமில்லாமல் தையல் மிஷின் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் என் அப்பா காத்தமுத்து மகன் வீராசாமிக்கு இன்னும் சேர வேண்டியது: முப்பத்தொரு ரூபாய் எட்டணா.